ரோட்டுக்கு முன்னே வந்த சத்தம்

இலந்தோடைக்குப் புறவழிச்சாலை வருவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. மல்லிகைத் தோட்டங்களுக்குக் குறுக்கே மஞ்சள் வர்ணம் பூசிய கற்களை வரிசையாக நட்டுவிட்டு ஆட்கள் ஜீப் ஏறிப் போன கொஞ்ச நாளில், மாசி பிறந்தும் பனி விலகாத ஒரு காலையில், குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. பதறிப்போய் வரப்பைத் தாண்டிக் குதித்தவள் அடுத்த வயலில் போய் விழுந்தாள். மடியில் கட்டியிருந்த பூவெல்லாம் சேற்றில் கொட்டிப் போனது. எழுந்து திரும்பிப் பார்த்தால் லாரியும் இல்லை, தூசியும் இல்லை. சத்தம் மட்டும் ஒரு இலையைக்கூட அசைக்காமல் செடிகளின் மேலாக ஓடி, கல்லுக்குக் கல் தாவி, மேற்கே கருவேலங்காட்டுக்குள் போய் மறைந்தது. அவள் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

முதல் இரண்டு மூன்று நாள் ஊரே கற்களின் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் வேடிக்கை கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு வேலை கிடக்கிறதே என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஆடுகள் கல்வரிசைக்கு வந்ததும் தாமாகவே நின்று இரண்டு பக்கமும் காது கொடுத்துவிட்டுக் கடந்தன. நாய்கள் ஒன்றுமில்லாததைத் துரத்திக்கொண்டு ஓடி நாக்குத் தொங்கத் திரும்பி வந்தன. சீர்வரிசைத் தட்டோடு வந்த கல்யாண வீட்டார் ஒரு கண்டெய்னர் லாரி போய் முடியும்வரை வெயிலில் காத்திருந்தார்கள். காத்திருக்காமல் நடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் காலுக்குத் துணிச்சல் வரவில்லை. கிணற்றோரப் பனையில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவிகள் கூட்டைப் பாதியில் விட்டுப் போயின, மயில்கள் கரட்டுக் குன்றைத் தாண்டிப் போயின, காக்கைகள் மட்டும் இருந்தன. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பாண்டியம்மாள் பேசிப் பேசித் தொண்டை கட்டி, கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதியே எல்லாப் பாடத்தையும் நடத்தினார். பிள்ளைகள் முத்து முத்தாக எழுதக் கற்றுக்கொண்டார்கள், வாய்விட்டு வாசிக்கத்தான் ஒருவருக்கும் வரவில்லை. மெதுவாகப் பேசும் பழக்கமே ஊரைவிட்டுப் போய்விட்டது. காதலிக்கிறவர்களும் கத்தித்தான் காதலித்தார்கள். அதனால் அந்த வருஷம் பல கல்யாணங்கள் சீக்கிரமே முடிவாயின.

டீக்கடை ஒச்சு மட்டும் சந்தோஷமாக இருந்தான். கோயில் பக்கம் இருந்த கடையைப் பிரித்துக் கல்வரிசையின் ஓரத்தில் போட்டு, 'பேருந்துகள் நின்று செல்லும்' என்று பலகையும் எழுதி வைத்தான்.

"சத்தம் வந்துருச்சுல்ல, பின்னாடியே வண்டியும் வந்துரும். எங்க போயிரும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கத்திச் சொன்னான்.

இந்த நிலையில்தான் அமலோற்பவம் அந்த ஊருக்கு வந்தாள். ஒரு ரோடு போடுவதற்கு முன்னால் அது போகிற வழியில் இருக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கையை ரோடு போடுகிறவர்களே காசு கொடுத்து எழுதி வாங்குவார்கள் என்பது நடைமுறை. அந்த எழுத்து வேலையைத்தான் சென்னையில் ஒரு நிறுவனத்துக்காக அவள் செய்துகொண்டிருந்தாள். பல ரோடுகளுக்கு எழுதியிருக்கிறாள். அவள் எழுதியதால் எந்த ரோடும் நின்றதில்லை. ஒரே ஒரு ஊரில் நிழற்குடை ஒன்று கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து அது இன்னும் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்வாள்.

வெள்ளைத்தாய் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?" என்று கத்தினாள்.

"ரோட்டு விஷயமா வந்திருக்கேன்க்கா. ரோடு போட்டா உங்களுக்கு என்ன கஷ்டம் வரும்னு கேட்டு எழுதணும்."

"சத்தமாச் சொல்லு."

அமலோற்பவம் கத்திச் சொன்னாள்.

"என்ன வரும்னு கேக்காத. என்ன வந்துருச்சுன்னு கேளு," என்றாள் வெள்ளைத்தாய். சொல்லி வாய் மூடுவதற்குள் இருவருக்கும் நடுவே ஒரு மணல் லாரி கடந்து போனது. அமலோற்பவம் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள். லாரி போனதும் அந்த அடியை முன்னால் எடுத்து வைத்தாள். பிறகு பையிலிருந்து சத்தத்தை அளக்கும் ஒலிமானியை எடுத்து முக்காலியில் பொருத்தினாள். அவள் தொழிலில் வியப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

ஒலிமானி பொய் சொல்லவில்லை. வாகனங்கள் நெருக்கியடித்துப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் என்ன காட்டுமோ அதையே மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவிலும் காட்டியது. அவள் தன் மேலதிகாரி வைத்தீஸ்வரனுக்கு போன் செய்தாள்.

"சார், இங்க சத்தம் ஹைவே அளவுக்கு இருக்கு."

"எதனால வருது?"

"இந்த ரோட்டாலதான் சார்."

"எந்த ரோடு?"

"நாம இன்னும் போடாத ரோடு."

"அப்ப எதனாலங்கற இடத்துல ஒரு கோடு போட்டு விட்ரும்மா. அளவை மட்டும் எழுது."

அவள் அளவை எழுதினாள். அதோடு குருவிகள் போனதையும், பாண்டியம்மாளின் தொண்டையையும், ஆடுகளின் காதுகளையும், பிறந்த குழந்தைகள் தூங்காததையும், தூங்காத குழந்தைகளோடு அம்மாக்கள் தூங்காததையும் எழுதினாள். ரோட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சுவர் வேண்டும், முடிந்தால் ரோட்டையே தள்ளி வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். கொஞ்ச நாள் கழித்து சென்னையிலிருந்து திருத்திய அறிக்கை வந்தது. அதில் அவள் எழுதியவற்றில் ஒலிமானியின் எண்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, 'இப்பகுதியில் ஒலி அளவு ஏற்கெனவே நெடுஞ்சாலைக்கு இணையாக உள்ளது. எனவே திட்டத்தால் கூடுதல் பாதிப்பு ஏதுமில்லை. தடுப்புச் சுவர் தேவையில்லை' என்று இருந்தது.

அமலோற்பவம் உடனே வைத்தீஸ்வரனுக்கு போன் செய்தாள். "சார், இந்த ரோட்டோட சத்தத்தை வச்சே இந்த ரோட்டால பாதிப்பு இல்லன்னு சொல்றீங்களே, இது நியாயமா?"

"பாதிப்பு திட்டத்துக்கு முன்னாடி வராதும்மா. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? முன்னாடி இருக்கறதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. பின்னாடி வர்றதுதான் பாதிப்பு. நீ எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறே?"

அவள் மாவட்டத் தலைநகருக்குப் போய், மாசைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முடியக் காத்திருந்து ஒரு அதிகாரியைப் பார்த்தாள். அவர் நல்லவர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார், டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

"ஆரன் அடிக்கிறாங்கன்னு சொல்றீங்க. ரொம்பத் தப்பு. வண்டி நம்பர் குடுங்க, உடனே நடவடிக்கை எடுக்கறேன்."

"வண்டி இல்லை சார். சத்தம் மட்டும்தான்."

"சத்தத்துக்கு நம்பர் பிளேட் இருக்காதேம்மா," என்றார் அவர் நிஜமான வருத்தத்தோடு.

அவள் இலந்தோடைக்குத் திரும்பியபோது ஊரில் விஷயம் தெரிந்திருந்தது. அறிக்கையின் சுருக்கத்தைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முத்து முத்தாக எழுதும் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து வீட்டில் காட்டியிருந்தார்கள். வெள்ளைத்தாய் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எங்க ஊரு எப்பவுமே இரைச்சலான ஊருன்னு எழுதிட்டுப் போயிருக்கியே தாயி. இந்தக் காட்டுல நான் பொறந்தேன். மொட்டு செடிய விட்டுப் பிரியிற சத்தம் கேட்டுப் பறிச்சவ நான். நீ வந்து ஒரு பெட்டிய வச்ச, எங்க காதையே பொய்யாக்கிட்ட."

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து, ஆரனை அழுத்தியபடியே நீளமாகப் போனது. அது போய் முடிந்தபோது சொல்ல நினைத்தது எதுவும் அவளிடம் மிச்சமிருக்கவில்லை.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை சிறுகோட்டை டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். குளிர்சாதனம் போட்ட, கதவை மூடினால் வெளிச்சத்தம் எதுவும் நுழையாத மண்டபம். இலந்தோடைக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கி உள்ளே உட்கார்ந்தார்கள். அந்த அமைதி அவர்கள் காதில் தண்ணீர் போனது மாதிரி அடைத்தது. முதலில் பாண்டியம்மாள் எழுந்து வணக்கம் என்றார். மேடையில் இருந்த அதிகாரிகள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்கள். அடுத்து வெள்ளைத்தாய் எழுந்து தன் தோட்டத்தைப் பற்றிப் பேசினாள். கோபமே இல்லாமல், கெஞ்சுகிற சொற்களாகப் பார்த்து எடுத்துத்தான் பேசினாள், ஆனால் சொற்கள் வெளியே வரும்போது ஒலிபெருக்கியே அதிர்ந்தது. மெதுவாகப் பேசுங்கள் என்றார்கள். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குறைத்துப் பார்த்தாள், முடியவில்லை. ஆளுக்கு ஆள் எழுந்து, மெதுவாகத்தானே பேசுகிறோம் என்று மண்டபம் அதிரக் கூவினார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். 'பொதுமக்கள் கடும் ஆவேசத்துடன் காணப்பட்டனர்' என்று ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டார்.

மேடையின் ஓரத்தில் வைத்தீஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. உண்மைக்கு அந்த அறையில் நாற்காலி போடவில்லை. அவள் எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, எங்க அறிக்கைப்படி இந்த ஊர்ல சத்தம் ஏற்கெனவே சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டியிருக்கு. ஏற்கெனவே தாண்டின இடத்துல இன்னும் சத்தம் சேர்க்கிற திட்டத்துக்கு எப்படி அனுமதி கொடுப்பீங்க? அப்படிக் கொடுத்தா நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா என்ன பதில் சொல்வீங்க?"

வைத்தீஸ்வரன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஆனால் கோர்ட் என்ற சொல் மேடையில் விழுந்துவிட்டது. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த மாதம் இலந்தோடை வழி கைவிடப்பட்டதாக உத்தரவு வந்தது. ஊரே திரண்டு வந்து கற்களைப் பிடுங்கியது, பட்டாசு வெடித்தது, இரைச்சலில் யாருக்கும் பட்டாசு கேட்கவில்லை என்றாலும் புகையைப் பார்த்துக் கைதட்டியது. வெள்ளைத்தாய் அமலோற்பவத்தை வரவழைத்து, அவள் தலை கொள்ளாத அளவுக்குப் பூ வைத்துவிட்டாள்.

"அப்ப ரோடு வேற எங்க போகுமாம்?" என்று நார் கிழித்தபடி கேட்டாள்.

"கீழக்கோம்பை வழியாக்கா. இரண்டாவது வழின்னு வரைபடத்துல முன்னாடியே இருந்துச்சு."

வெள்ளைத்தாயின் கை நின்றுவிட்டது. "அங்கதானம்மா என் மக தனத்தைக் குடுத்திருக்கேன்."

மண்டபத்தில் மைக்கைப் பிடித்த நேரத்தில் அந்த ஊரின் பெயர் அமலோற்பவத்துக்கு நினைவில் இருந்தது. ஆனால் அது வரைபடத்தில் ஒரு பச்சைக் கோடாக மட்டுமே நினைவில் இருந்தது.

கற்கள் போயும் சத்தம் போகவில்லை. ஊர் ஒரு மாதம் பொறுத்தது, பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்தது. கற்களைப் பிடுங்கிய குழிகளில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் ஒவ்வொரு லாரிக்கும் நடுங்கியது. ஒச்சு பலகையைக் கழற்றவில்லை. அமலோற்பவம் ஊர்க்காரர்களுக்காக மனு எழுதினாள், மனுவுக்குப் பதில் வந்தது: அப்பகுதியில் திட்டம் எதுவும் இல்லாததால் திட்டத்தின் பாதிப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. திட்டம் இருந்தபோது பாதிப்பு இல்லை என்றார்கள், பாதிப்பு இருக்கும்போது திட்டம் இல்லை என்கிறார்கள். அவள் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்று ஆனபிறகும் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கீழக்கோம்பையில் அறிக்கை சீக்கிரம் முடிந்தது. அங்கே அமைதியாக இருந்தது, அமைதியான ஊர் எவ்வளவு சத்தத்தையும் தாங்கும் என்று எழுதினார்கள். ரோடு போட்டார்கள், நடுவே அரளி நட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள். முதல் லாரி போனபோது ரோட்டோரம் கூடியிருந்தவர்கள் இன்னும் வரவில்லை என்று நினைத்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி அவர்களுடைய சேலையையும் வேட்டியையும் படபடக்க வைத்துவிட்டு ஒரு துளி சத்தமில்லாமல் போயிருந்தது. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸும் அப்படித்தான், அதற்குப் பின்னால் வந்ததும் அப்படித்தான். அவற்றின் சத்தம் எல்லாம் வேறொரு ஊரில் மல்லிகைச் செடிகளுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாத சாலை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வைத்தீஸ்வரனின் நிறுவனத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கீழக்கோம்பைக்காரர்களுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, கோழிகள் சாகும்வரை. கோழிகளுக்குப் பிறகு ஆடுகள் செத்தன. திரும்பிப் பார்ப்பதற்குக் காரணமே இல்லாமல் கன்றுக்குட்டிகள் நடு ரோட்டில் நின்றன. ஒரு நாள் காலையில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்த முத்துக்காளை வீடு வந்து சேரவில்லை. புல்லுக்கட்டு பார்வையை மறைத்திருந்தது. காது மட்டும்தான் அவருக்கு வழிகாட்டி, காதுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் இலந்தோடையில் வெள்ளைத்தாய் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டது, ஏதோ விழுந்தது, ஒரு கதவு திறந்தது, ஒரு ஆள் ஐயோ ஐயோ என்று ஓடிவந்தான். பூச்செடிகள் அசையாமல் நின்றன. அவள் கூடையைப் போட்டுவிட்டு மகளுக்கு போன் செய்தாள்.

"தனம்! தனம், நீ எங்க இருக்க? ரோட்டுலயா இருக்க?"

"கத்தாதம்மா, வீட்டுலதான் இருக்கேன். ஏன், என்ன?"

"வெளிய போய்ப் பாரு. யாரோ விழுந்துட்டாக."

தனம் வெளியே போய்ப் பார்த்தாள். பிறகு அவள் அழுவது போனில் கேட்டது.

மறுநாள் காலையில் தனம் பால் கேனோடு ரோட்டோரம் வந்து நின்று, காலைத் தூக்கி வைக்க முடியாமல் அம்மாவை போனில் கூப்பிட்டாள். வெள்ளைத்தாய் தோட்டத்தில் நின்றபடி காது கொடுத்துவிட்டு, "லாரி ஒண்ணு வருது, நில்லு... போயிருச்சு, இப்பப் போ," என்றாள். தனத்தைப் பார்த்து அவள் பக்கத்து வீட்டுக்காரி இலந்தோடையில் இருந்த தன் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். இலந்தோடையில் உறவு இல்லாதவர்கள் உறவு உள்ளவர்களிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அது இரண்டு ஊருக்கும் வழக்கமாகிப் போனது. ஒச்சு தன் கடையில் பெஞ்சு போட்டு, போன் சார்ஜ் ஏற்ற வயர் இழுத்துக் கொடுத்தான். முறை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்டுச் சொன்னார்கள். கிழக்கே இருந்து வருவது லாரியா பஸ்ஸா, எவ்வளவு வேகம், பின்னால் இன்னொன்று ஒளிந்து வருகிறதா என்றெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கீழக்கோம்பைக்காரர்களின் காலடியில் ஒரு ரோடு ஓடியது, இலந்தோடைக்காரர்களின் காதில் ஒரு ரோடு ஓடியது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் உயிரோடு அந்தப் பக்கம் போக முடிந்தது.

இதையும் அமலோற்பவம் எழுதினாள். இரண்டு ஊர்க்காரர்களின் கையெழுத்தோடும், இரண்டு ஊர்களிலும் வாடகைக்கு எடுத்த ஒலிமானியால் அளந்த அளவுகளோடும் எழுதினாள். கீழக்கோம்பையில் ஒலி மாசு அறவே இல்லை என்று அவள் மனுவின் மூலமே உறுதியாகிறது, நன்றி என்று பதில் வந்தது. அதைக் காட்டுவதற்காக அவள் இலந்தோடைக்கு வந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் ஒச்சு கடைப் பெஞ்சில் தன் முறைக்கு உட்கார்ந்திருந்தாள். பறிக்காத மொட்டுகள் தோட்டத்தில் வெடிக்கக் காத்திருந்தன.

"என்னம்மா சொல்றாக?"

"நன்றி சொல்லியிருக்காங்கக்கா."

வெள்ளைத்தாய் கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "பூ விரிஞ்சிரும் தாயி. செத்த நேரம் நீ உக்காரு," என்று போனை அவள் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

உட்கார்ந்தவுடனேயே போன் அடித்தது.

"அம்மா?"

"இல்ல தனம், நான் அமலோற்பவம்."

அவள் யாரென்று தனத்துக்குத் தெரியும். ரோட்டை இங்கிருந்து அங்கே தள்ளியது யாரென்றும் தெரியும்.

"சரி, சொல்லுங்க. பால் கேனோட நிக்கிறேன்."

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் எத்தனையோ சத்தத்தை அளந்திருக்கிறாள். ஒரு சத்தத்துக்கும் இப்படி அவள் காது கொடுத்ததில்லை. கிழக்கே ஒரு லாரி கியர் மாற்றியது.

"இருங்க," என்றாள். லாரி அவள் நெற்றியை உரசுவது மாதிரி போனது. தனம் மூச்சு விடுவது போனில் கேட்டது. "இன்னும் இருங்க, பின்னாடி ஒரு பைக் வருது." பைக் போனது. அவள் மேலும் காது கொடுத்தாள்; மேற்கிலும் கொடுத்தாள், கிழக்கிலும் கொடுத்தாள்.

"இப்பப் போங்க. ஓடாதீங்க, நடங்க."

போனில் செருப்புச் சத்தம் வந்தது. பால் கேன் மூடி லேசாக ஆடும் சத்தம் வந்தது. பிறகு நின்றது.

"வந்துட்டேன்," என்றாள் தனம். கொஞ்சம் பொறுத்து, "வச்சிராதீங்க. இங்க ஒரு தாத்தா அந்தப் பக்கம் போகணும்னு நிக்கிறாரு," என்றாள்.

"அவர்கிட்ட போனைக் குடுங்க," என்றாள் அமலோற்பவம்.